தினமும் பச்சை பார்த்தவர்

முப்பத்துநான்கு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் பூமிநாதன். ஜன்னலோரம் ஒருவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், இவன் தூங்கவில்லை, தூங்குவதுபோல் நடிக்கிறான் என்றுதான் அவருக்குத் தோன்றும். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். அந்தப் பாதிதான் அவரைக் கெடுத்தது.

ஓய்வு பெற்று மானாமதுரையில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, ஆற்றுக்கு அக்கரையில் ஓட்டு வீட்டில் இருந்த நாச்சியம்மையிடம் போக ஆரம்பித்தார். நாச்சியம்மை அவரைவிடப் பதினாலு வயது சின்னவர். சாயங்காலம் நல்லது கெட்டது கேட்க நாலு பேர் வந்து உட்காருவார்கள். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பூமிநாதன் ஆறு மாதம் துப்புத் துலக்கினார். உண்டியல் வைத்திருக்கிறாரா, அரிசி யார் கொடுக்கிறார்கள், பேரில் எங்காவது நிலம் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். ஒன்றும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் சீடரானார்.

அவருடைய வீட்டில் மூன்று பேர். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அவர், மகன் தினகரன், போன ஆவணியில் கல்யாணமாகி வந்த மருமகள் ரேணுகா.

வாழ்நாளெல்லாம் ரயில்வே குடியிருப்பில் இருந்தவர் என்பதால், எந்தச் செடியையும் ஒரு வருஷம் முழுக்க அவர் பார்த்தது கிடையாது. வைத்த செடி பூப்பதற்குள் மாற்றல் வந்துவிடும். சொந்த வீடு என்றானதும் ஆசையாக ஒரு பவளமல்லி வாங்கி, தான் படுக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே வைத்தார். கட்டைவிரல் கனம்தான் தண்டு. ஆடியில் வைத்தது, ஐப்பசியில் பூத்துவிட்டது.

பவளமல்லி விடிவதற்குள் தானே உதிர்ந்துவிடும். தரையில் விழுந்ததை எடுத்துச் சாமிக்கு வைக்கலாம் என்றால் அது இந்தப் பூவுக்குத்தான். ரேணுகா சாயங்காலமே செடிக்கடியில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவைப்பாள். காலையில் அதைப் பூவோடு சுருட்டிக்கொண்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் கொட்டுவாள். வேறு மாமனாராக இருந்தால் மனம் குளிர்ந்திருக்கும். பூமிநாதனுக்கோ, நான் பெருக்கிய தரை சுத்தமில்லை என்று சொல்லாமல் சொல்கிறாளோ என்று இருந்தது.

தை கடைசியில் இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்தன. மாசி பாதியில் செடி வெறும் குச்சியாக நின்றது.

ரேணுகா தினமும் கஞ்சி வடித்த பாத்திரத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டு வருவதை அவர் அப்போதுதான் கவனித்தார். மதிலுக்கு அந்தப் புறம் அடுத்த வீட்டுக்காரர் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி வைத்திருந்தார். அது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை வேரில் ஊற்றுகிறாள் என்று முடிவு கட்டினார். உப்பும் போடலாம் என்று தோன்றவே, யாரும் இல்லாதபோது உப்பு மட்டம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் சாடியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார்.

பிறகு நாச்சியம்மையிடம் போனார்.

"நம்ம கூடவே இருந்து ஒருத்தர் கெடுதல் பண்றாங்கன்னு வச்சுக்கங்க. அதை எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"யாரு?"

"பேரு இப்ப வேணாம்."

"என்ன கெடுதல்?"

"செடியைக் கொல்றாங்க. பவளமல்லி."

"செத்துருச்சா?"

பூமிநாதன் இதை யோசிக்கவில்லை. செத்த மாதிரிதான் இருக்கிறது என்றார்.

நாச்சியம்மை எழுந்து அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். அங்கேயும் ஒரு பவளமல்லி மொட்டையாக நின்றது. அதன் தண்டில் நகத்தால் லேசாகக் கீறினார். பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தது.

"மாசி பங்குனியில இது இப்படித்தான் நிக்கும். கோடை மழை விழுந்தா துளுத்து இலை விடும். வீட்டுக்குப் போயி ஒரு தடவை கீறிப் பாருங்க. பச்சை இருந்தா அதுபாட்டுக்கு விட்டுருங்க."

பூமிநாதன் இதில் 'கீறிப் பாருங்க' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கீறினார். பச்சை இருந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். ரேணுகா வைத்த ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அவளுக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் வேறொன்று தோன்றியது. நேற்று பச்சை இருந்தது சரி. நேற்று மத்தியானம் நான் கடைக்குப் போயிருந்தேனே, அப்போது ஊற்றியிருந்தால்? போய் இன்னொரு தடவை கீறினார். பச்சைதான். அதற்கு மறுநாளும் கீறினார். பல் விளக்குவதுபோல அது தினசரி வேலையாகிவிட்டது. பச்சை தெரிகிறபோதெல்லாம், இன்றைக்குத் தப்பித்தது என்றுதான் நினைத்தாரே தவிர, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் கீறியபோது பச்சை இல்லை. பழுப்பாக, உலர்ந்த தேங்காய் நார்போல இருந்தது. மேலே கீறினார். மேலேயும் அப்படித்தான்.

வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல ஆசை. உண்மையில், வருத்தத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு திருப்தி வந்தது. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்ற திருப்தி.

மகன் பக்கத்தில் இருக்கும்போதே, சாப்பாட்டு வேளையில் கேட்டுவிட்டார்.

"கஞ்சியா, உப்பா? அதை மட்டும் சொல்லிரு."

ரேணுகாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து போய், உப்புச் சாடியை எடுத்து வந்து அவர் தட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"கோடு போட்டிருக்கீங்களே மாமா. எவ்வளவு எறங்கியிருக்குன்னு நீங்களே பாத்துக்கங்க."

கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது உப்பு. ஒரு மாதச் சமையலுக்கு அது சரியான அளவுதான். ஆனால் அவ்வளவு சரியாக இருப்பதே அவருக்கு உறுத்தியது.

மறுநாள் காலை தினகரன் வந்து, வெள்ளிக்கிழமை சிவகங்கையில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போகிறோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவர் சரி என்றார். அவன் போன பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி போன புதிதில் இந்த மாதிரி ஒரு காலையில்தான் தனக்குத்தானே காப்பி போட்டுக் குடித்தார். அது மறுபடி வரப்போகிறது என்று நினைத்ததும் பயம் வந்தது. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. சாட்சி தேடத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் நாச்சியம்மையிடம் போய், நீங்களே வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். நீங்கள் சொன்னபடி கீறினேன், அன்றைக்குப் பச்சை இருந்தது, இன்றைக்கு இல்லை, நடுவில்தான் நடந்திருக்கிறது என்றார். நீங்கள் சொன்னால் என் பிள்ளை நம்புவான் என்றும் சொன்னார். நாச்சியம்மை கீரையை மூடி வைத்துவிட்டு உடனே கிளம்பினார்.

ரேணுகா வாசலில் நின்று கும்பிட்டாள். நாச்சியம்மை தலையசைத்துவிட்டு நேரே செடிக்குப் போனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்டைத் தடவினார். முழங்கால் உயரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தோலே இல்லை.

"எத்தனை தடவை கீறினீங்க?"

"தினமும்தாம்மா. ஒரு நாள்கூட விடலை."

"ஒரே இடத்துலயா?"

"சேச்சே. ஒரே இடத்துல கீறினா செடிக்கு ஆகாதுன்னு தெரியாதா எனக்கு? தள்ளித் தள்ளித்தான் கீறினேன்."

"எங்க ஆரம்பிச்சீங்க? காட்டுங்க."

பூமிநாதன் குனிந்து, ஜன்னல் பக்கமாக ஒரு கீறலில் விரலை வைத்தார். மாசிக் கீறல்.

"அப்புறம்?"

விரலைப் பக்கத்துக் கீறலுக்கு நகர்த்தினார். அப்புறம் அடுத்தது. விரல் தண்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பின்பக்கம் போய், மதில் பக்கம் வந்து, நடுவில் எங்கும் பட்டை தட்டுப்படாமல், ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றது.

அவர் விரலை எடுக்கவில்லை. "பட்டை ஒரு சுத்து முழுக்கப் போச்சுன்னா மேல உயிர் ஏறாது" என்று மட்டும் நாச்சியம்மை சொன்னார். ரேணுகா பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் தடவையாக, பூமிநாதனுக்குத் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்க்கக் கூசியது.

"ஒரு அரிவாள் இருக்காம்மா?" என்றார் நாச்சியம்மை.

ரேணுகா கொண்டுவந்தாள். கீறலுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, தண்டை நாச்சியம்மை ஒரே வெட்டாக வெட்டினார். வெட்டிய முகத்தில் ஓரமாக ஈரம் தெரிந்தது.

"வேரு நல்லாத்தான் இருக்கு."

"துளுக்குமாம்மா?" என்று கேட்டார் பூமிநாதன்.

"துளுக்கலாம்."

"நான் எப்ப வந்து பாக்கணும்?"

"நீங்க பாக்க வேணாம். இந்தப் பக்கமே வர வேணாம். ஜன்னலையும் எட்டிப் பாக்காதீங்க. அந்தப் புள்ள பாத்துச் சொல்லும்."

"அவதான் வெள்ளிக்கிழமை வீடு பாக்கப் போறாளே."

"அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

பூமிநாதன் மருமகள் பக்கம் திரும்பினார். முப்பத்துநான்கு வருஷம் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டவர்தான். எல்லாம் காட்டு, எடு, இறங்கு என்றே கேட்டுப் பழகிய வாய். வேறு விதமாகக் கேட்க அது வெகுநேரம் தடுமாறியது.

"தப்பு எம்மேலதாம்மா. இரும்மா. இதைப் பாத்துக்கோ."

ரேணுகா உடனே இளகிவிடவில்லை. இளக வேண்டிய அவசியமும் இல்லை. வெட்டிப்போட்ட கிளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"துளுக்கவே ஒரு மாசம் ஆகும் மாமா. பூக்க ஐப்பசி ஆயிரும்."

"ஆகட்டும்."

"அவருகிட்ட பேசறேன்" என்று சொல்லிவிட்டு, செம்பில் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

நாச்சியம்மையை வழியனுப்பப் பூமிநாதன் தெருமுனை வரை நடந்தார். இரண்டு தடவை எதையோ சொல்ல வந்து நிறுத்தினார். கடைசியில், வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேவிட்டார்.

"அம்மா, துளுத்துருச்சுன்னு அவ வந்து சொல்றான்னு வச்சுக்கங்க. அது நிசந்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாச்சியம்மை நின்றார்.

"பூத்தா, நீங்க படுத்திருக்கற எடத்துக்கே வாசம் வரும். அதுவரைக்கும் அந்தப் புள்ள சொல்றதுதான்."