மறப்பதற்கு ஓர் ஆணை

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை நாடு ஒன்றை ஆண்ட இளங்கண்டன் என்ற மன்னனுக்கு விபரீதமான ஓர் ஆசை வந்தது. நாடு பிடிக்கும் ஆசையில்லை, பொன் சேர்க்கும் ஆசையுமில்லை. மறந்துவிட வேண்டும் என்ற ஆசை.

யாரை? ஐந்து வயது மகள் அமுதாளை. ஆடி மாதக் காய்ச்சல் ஒன்று வந்து அவளைக் கொண்டுபோயிருந்தது.

"இந்த அரண்மனையில் எதைப் பார்த்தாலும் அவள் நினைவு வருகிறது. நெஞ்சு தாங்கவில்லை" என்றான் மன்னன் சபையில். "அவளை எனக்கு நினைவூட்டும் எதுவும் இனி இங்கே இருக்கக் கூடாது."

அமைச்சர் வில்லவராயர் எழுந்தார். தாம் நாள்முழுக்க யோசித்துச் சொல்லும் யோசனைக்குத் தலையசைக்காத மன்னன், விகடகவி தத்தன் ஒரு வார்த்தை சொன்னால் சிரித்துவிடுகிறானே என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"அரசே, இந்தப் பணிக்குத் தத்தனைவிடப் பொருத்தமானவன் யார்? குழந்தை எந்நேரமும் அவன் தோளில்தானே இருந்தது? அமாவாசைக்குள் முடிக்கட்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் அவன் தலை மிச்சமிருக்கக் கூடாது." பிறகு குரலைத் தணித்தார். "இன்னொன்று. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. குழந்தைக்கு அப்படியே அரசியாரின் முகம். அவர்களைப் பிறந்தகம் அனுப்பிவிட்டால்..."

அரசி போய்விட்டால் தத்தனுக்காகப் பரிந்து பேச ஆளில்லை. அது அவர் போட்ட கணக்கு.

மன்னன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "கடைசியில் பார்க்கலாம். மற்றதெல்லாம் போன பிறகு."

தத்தன் எண்ணிப் பார்த்தான். பெற்ற மகளைப் பறிகொடுத்தவளிடம் போய், வீட்டை விட்டும் கிளம்பு தாயே என்று சொல்வதா? சொல்லாவிட்டால் தலை போகும். குழந்தை போனதிலிருந்து அவன் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சு எழவில்லை. இப்போது மட்டும் எங்கிருந்து எழும்?

"செய்கிறேன், மகாராஜா. ஒரே வேண்டுகோள். எது நினைவூட்டுகிறது என்று தாங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். ஒளிக்கக் கூடாது."

"ஒளிக்கமாட்டேன்."

தொட்டில் போயிற்று. மரக்குதிரை போயிற்று.

"இப்போது, மகாராஜா?"

"குதிரை நின்ற மூலை வெறிச்சென்று உறுத்துகிறது."

தத்தன் அந்த மூலையில் ஒரு பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து வைத்தான்.

"அண்டாவா? அதற்குள்தான் ஒளிந்துகொள்வாள். பாதி வெளியே தெரியும். நான் தேடுகிற மாதிரி தேட வேண்டும்."

அண்டா போயிற்று. பால் நின்றது, குழந்தை அதைப் பூனைக்கு ஊற்றிவிட்டுத் தானே குடித்தாயிற்று என்பாளாம். பூனையும் போயிற்று. பூனை போனதும் எலி வந்தது.

"எலிக்கு அவள் கல்யாணமே செய்துவைத்தாள், தத்தா!"

இனிப்பை நிறுத்திப் பாகற்காய் சமைத்தார்கள். முதல் கவளத்திலேயே மன்னன் கண் கலங்கிற்று.

"இது என்ன மகாராஜா? குழந்தை பாகற்காயைத் தொடவே மாட்டாளே?"

"அதுதான். தூ தூ என்று துப்புவாள்."

தத்தன் தோட்டத்துப் பக்கம் வந்து நின்றான். உப்பு ஒரு பானை, புளி ஒரு பானை என்று சரக்கறையில் வைக்கிற மாதிரிதான் மனசும் இருக்கும், ஒரு பானையைத் தூக்கி வெளியே வைத்துவிடலாம் என்று மன்னன் எண்ணிவிட்டான். தத்தனும் அப்படித்தான் எண்ணியிருந்தான். இதுவோ கோரைக்கிழங்காக இருக்கிறது. மேலே பார்த்தால் தனித்தனிப் புல். பிடுங்கினால் அடியில் நூல் போல வேர் ஓடி அடுத்த கிழங்கை இழுக்கிறது. தித்திப்புக்கும் கசப்புக்கும் நடுவில்கூட ஒரு வேர். தன் மனசு மட்டும் வேறா? தோளில் கனமில்லாமல் நடப்பதே அவளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் சபையில் மன்னன் வில்லவராயரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டான்.

"ஒளிக்கக் கூடாது, மகாராஜா."

"அமைச்சரின் மீசை... ஊஞ்சல் என்று சொல்லி ஒருநாள் பிடித்துத் தொங்கினாள்."

"நாவிதரைக் கூப்பிடுங்கள்!"

"அடே தத்தா! என் மீசையிலா கை வைக்கிறாய்?"

"நானா வைக்கிறேன்? ஒன்று மிச்சமிருந்தாலும் என் தலை மிச்சமிராது என்றது தாங்கள்தானே, ஐயா? என் தலை பெரிதா தங்கள் மீசை பெரிதா என்று என்னையே கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

மீசை போயிற்று. மழித்த முகத்தைப் பார்த்த மன்னன், "மீசை எங்கே என்று கேட்டிருப்பாளே" என்று விம்மினான்.

அமாவாசை வந்தது. திரையில்லை, விளக்கில்லை, ஆசனமில்லை. வெறுந்தரையில் மன்னன் உட்கார்ந்திருந்தான். வாசலில் பல்லக்கு காத்திருந்தது. அரசி உமையாம்பிகை வந்து நின்றாள்.

"என்னைக் கிளம்பச் சொன்னீர்களாமே?"

மன்னன் நிமிரவில்லை.

"அரசியார் ஏறலாம்" என்றார் வில்லவராயர்.

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்றான் தத்தன். "நினைவூட்டுவது எதுவோ அதுதானே போக வேண்டும்? மகாராஜா, கண்ணை இறுக மூடுங்கள். அரசியார் தெரிகிறார்களா?"

"இல்லை."

"அண்டா, பூனை, அமைச்சரின் மீசை?"

"எதுவும் தெரியவில்லை."

"குழந்தை?"

"தெரிகிறாள். இருட்டில் இன்னும் நன்றாகத் தெரிகிறாள்."

"அப்படியானால் நினைவூட்டுவது அரசியார் இல்லை. அது அந்த இமைக்கு உள்ளே இருக்கிறது. அதை மட்டும் தனியாக எடுத்து அனுப்ப எனக்கு வழி தெரியவில்லை. தங்களை முழுதாகத்தான் அனுப்ப முடியும். எழுந்திருங்கள், மகாராஜா. பல்லக்கில் ஏறுங்கள்."

"மன்னரையா நாடுகடத்துகிறாய்?" என்று கத்தினார் வில்லவராயர்.

"அவர் போகட்டும், அமைச்சரே" என்றாள் அரசி. "நான் இருக்கிறேன். அவளை மறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக வெளியே போனபோது என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை." கணவன் பக்கம் திரும்பினாள். "தூக்கத்தில் அவள் என்ன பேசுவாள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே. என்ன பேசுவாள்?"

"வரி போடுவாள். உங்கள் குரலிலேயே. 'காக்காய்க்கெல்லாம் வரி!' என்பாள்."

"காக்காய்க்கா?"

"காக்காய்க்கும் குருவிக்கும். நாய்க்கு மட்டும் தள்ளுபடி."

மன்னன் சிரித்தான். அடக்கமாட்டாமல் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. அரசி அந்த வெறுந்தரையில் அவன் அருகே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் சொல்" என்றான். அவள் சொன்னாள்.

வெகுநேரம் கழித்து மன்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வில்லவராயரே, வந்த பல்லக்கு சும்மா போக வேண்டாம். மீசை வளரும்வரை உம் ஊரில் இளைப்பாறும். தத்தா, பொன்னும் பட்டும் தருகிறேன். வேறென்ன வேண்டும், கேள்."

தத்தன் தயங்கினான். "குழந்தைக்கு என் பெயர் வாயில் நுழையாது, மகாராஜா. 'தொத்தா' என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அப்படிக் கூப்பிட ஆளில்லை. ஒரே ஒரு தடவை..."

மன்னன் அரசியைப் பார்த்தான். பிறகு, ஒரு நாட்டையே ஆளும் அந்த மனிதன், மழலை வராத குரலில் மெல்லக் கூப்பிட்டான்.

"தொத்தா!"

"இதோ வந்துட்டேன், தாயி" என்றான் விகடகவி.