மாமன் கைக்குள் இருந்த குப்பி

நேராகக் கதைக்கு வருகிறேன். இதில் வரும் மூக்குச் சொட்டு மருந்து நிஜத்தில் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. கதைக்காக, வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பயம் மட்டும் நிஜம்.

கரடிக்கசம் என்று ஒரு மலைக்குடியிருப்பு. அங்கே பேச்சிக்கனிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் எசக்கிக்கு மூன்று வயது. சளி பிடிக்கும்போதெல்லாம் அவனுக்குக் காதில் சீழ் வடியும். இளையவள் தங்கப்பூ, கைக்குழந்தை. அவளுக்குக் காது இன்னும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டும் ஒரே பாயில் உருளும்.

அந்தச் சீழை ஊரில் யாரும் லேசாக எடுக்க மாட்டார்கள். பேச்சியின் அண்ணன் வேலாண்டியின் மகளுக்கும் இப்படித்தான் தொடங்கியது. இப்போது முதுகுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டினாலும் அவள் திரும்புவதில்லை.

காது நோயைத் தடுக்க மூக்கில் விடும் சொட்டு மருந்தோடு நர்ஸ் ஜெபராணி மலையேறி வந்தார். எசக்கிக்கு ஒன்று, தங்கப்பூவுக்கு ஒன்று. ஓடையில் கால் வழுக்கியதில் ஒரு குப்பி உடைந்துபோனது. மிஞ்சியது ஒன்று. மருந்தைக் குளிராக வைக்கும் பெட்டியிலிருந்த ஐஸ் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கரைந்திருந்தது. மழை பாதையையும் அரித்துக்கொண்டிருந்தது, அடுத்த பெட்டி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்குள் பூண்டு வாசம். எசக்கியின் காதில் காய்ச்சின எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். உடம்பு கொதித்தது. காதுக்குப் பின்னால் வீங்கி, காதுமடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. ஜெபராணி அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பேச்சி பார்த்தாள்.

"சிஸ்டர், சீக்கிரம் மருந்த விடுங்க."

ஜெபராணி தங்கப்பூவின் மூக்கைத்தான் பார்த்தார். "இவளைக் குளிப்பாட்டி மூக்குல எண்ணெய் விட்டியா?"

"இவன் கிடக்கிற கிடையில அவளக் குளிப்பாட்ட எங்க நேரம்? மூணு நாளாச்சி."

"நல்லதாப் போச்சு. அப்ப இது சின்னவளுக்கு."

பேச்சி எசக்கி பக்கம் கையை நீட்டினாள். "அப்ப இவன விட்டுட்டீங்களா? பொழைக்க மாட்டான்னுதானே அவளுக்குக் குடுக்கீங்க?"

பக்கத்தில் நின்ற வேலாண்டி சட்டென்று பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். "வலி காதுல, மருந்து மூக்குலயா? என் மவளுக்கும் இப்பிடித்தான் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க. காதுல ஊத்துவோம். உள்ள போவட்டும்."

"அண்ணே, சிஸ்டர் மூக்குலதான் விடணும்னாங்க. இவன் மூக்குல விடு."

"அண்ணாச்சி, கையில பொத்தாதீங்க. சூடேறுனா அது யாருக்குமே ஆகாது."

வேலாண்டி கையைத் திறக்கவில்லை. பாயில் எசக்கி முனகினான்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். மூன்று பேருக்கும் பிள்ளை பிழைக்க வேண்டும். அண்ணன் சொன்னது எசக்கியின் காது. தாய் சொன்னது எசக்கியின் மூக்கு. நர்ஸ் சொன்னது தங்கப்பூவின் மூக்கு. யார் சொன்னது சரி?

விடை: நர்ஸ் சொன்னதுதான் சரி. இந்தக் கிருமி காது ஓட்டை வழியாக வருவதில்லை. முதலில் மூக்குக்குள் குடியேறும். பிறகு மூக்கின் பின்பக்கமிருந்து காதுக்குப் போகும் சின்னக் குழாய் வழியாக ஏறும். மூக்கின் உள்ளே இருக்கும் ஈரத்தோலில் காவல் வைப்பதுதான் சொட்டின் வேலை, அந்தக் காவல் உருவாக வாரக்கணக்கில் ஆகும். எசக்கிக்குக் கிருமி காதையும் தாண்டிப் பின்னாலுள்ள எலும்புக்குப் போய்விட்டது, அந்த வீக்கம் அதனால்தான். அவனுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி, ஊசி, தேவைப்பட்டால் அறுவை. சீழ் வடிந்த காதில் செவிப்பறை கிழிந்திருக்கும், அதில் டாக்டர் சொல்லாத எதையும் ஊற்றக் கூடாது, எண்ணெயும்தான். தங்கப்பூ அதே பாயில் படுப்பவள், அடுத்தது அவள்தான். எண்ணெய் படாத மூக்கு வேறு, மருந்து நேராகத் தோலில் படும்.

ஆனால் ஜெபராணியும் ஒரு தப்பு செய்தார். "எசக்கியத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்" என்பதைத்தான் அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொட்டைப் பற்றி முதலில் பேசியதால் தாய்க்கு அது கைகழுவியதாகக் கேட்டது. பிறகு அவர் அதைச் சொன்னதும்தான் வேலாண்டியின் கை திறந்தது. சொட்டு தங்கப்பூவுக்குப் போனது. எசக்கி மாமன் தோளில் ஏறினான். மழையில் இறங்கும்போது வேலாண்டி வழியெல்லாம் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு தடவையும் ஒரு முனகல் வரும். ஓடைக்கரையில் வரவில்லை. எல்லோரும் நின்றுவிட்டார்கள். வேலாண்டி அவனை மற்றத் தோளுக்கு மாற்றி, வீங்காத காதில் வாயை வைத்து மறுபடி கூப்பிட்டார்.

"ம்" என்றான்.

மறுபடி நடந்தார்கள்.