கொள்ளுத் தின்ற பிள்ளைகள்

ஆனைமல்லூர்ச் சீமையை ஒரு காலத்தில் உத்தண்ட வீமன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். அவன் ஆண்ட நாளில் ஒரு ராத்திரி, ஊரடங்கின பிறகு, சிலம்பாயி வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. நறுக், நறுக். எலியென்றால் இவ்வளவு சத்தம் வராது. கல்லைக் கல் கடிப்பது போல இருந்தது. இருட்டில் பக்கத்தைத் துழாவினாள். பிள்ளைகள் இரண்டும் பாயில் இல்லை.

விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே ராசாவின் குதிரைக்குட்டி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தீனித்தொட்டிக்குள் தலையை விட்டு, காத்தாயியும் சடையனும் பச்சைக் கொள்ளை மென்றுகொண்டிருந்தார்கள்.

ராசாவுக்குக் குதிரை என்றால் உயிர். பால் மறந்த குட்டிகளை வீட்டுக்கொன்றாகக் கொடுத்து வளர்க்கச் சொல்வான். குட்டிக்கு அரண்மனையிலிருந்து கொள்ளு வரும், வெல்லம் வரும். வளர்க்கிறவளுக்கு ஒன்றும் வராது. குட்டி இளைத்தால் மட்டும் தண்டனை வரும். சிலம்பாயியின் புருஷன் ராசாவின் சண்டைக்குப் போய்த் திரும்பாதவன். அதற்கும் ஒன்றும் வரவில்லை.

“துப்புங்க! ஐயோ, துப்பித் தொலைங்க!” என்று அவள் பிள்ளைகளின் வாய்க்குள் விரலை விட்டபோது கதவு திறந்தது. தீவட்டிக்காரர்கள் இருவர். அவர்களுக்குப் பின்னால் குதிரை லாயத்து அதிகாரி திம்மப்பர். குட்டி வளர்கிற வீட்டுக்குள் அவர் நினைத்த நேரத்தில் நுழைவார். தட்டுகிற பழக்கமே கிடையாது; அந்த வீடுகளில் உள்தாழ்ப்பாள் வைக்கவும் கூடாது.

“அடடே! இந்த வீட்டுக்கு நான் ஒரு குட்டிதானே கொடுத்தேன்? மூன்றாகிவிட்டதே!” என்று சிரித்தார்.

விடிந்ததும் அவளையும் பிள்ளைகளையும் சபையில் நிறுத்தினார்கள். ராசா வெற்றிலையை மென்றபடி கேட்டான். “என் குட்டியின் வாயிலிருந்து பிடுங்கித் தின்றாயா?”

“நான் தொடல சாமி. பசி தாங்காம பிள்ளைங்க தின்னுடுச்சு.”

“மகாராசா, பிள்ளைகள் இரண்டையும் லாயத்தில் விடுவோம். லத்தி அள்ளட்டும். தின்ற கொள்ளுக்கு ஈடானதும் அனுப்பிவிடலாம்” என்றார் திம்மப்பர்.

“எப்போது ஈடாகும்?”

“ஆகாது, மகாராசா. அங்கேயும் தின்பார்களே!”

சபை குலுங்கிச் சிரித்தது. மந்திரி குழைக்காதர் மட்டும் சிரிக்கவில்லை. “எனக்கொரு சந்தேகம். குட்டிக்கு எதற்காகத் தீனி போடுகிறோம், மகாராசா?”

“இதென்ன கேள்வி? நாளைக்கு எனக்காகச் சண்டைக்குப் போகும்.”

“தானாகவா போகும்?”

ராசா மெல்லுவதை நிறுத்தினான். சிலம்பாயிக்குச் சண்டையைப் பற்றி என்ன கவலை? பிள்ளைகள் லாயத்துக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். ஆனாலும் மந்திரி தன் பக்கமாக ஒரு கயிற்றை வீசியிருக்கிறார் என்பது புரிந்தது. பிடித்துக்கொண்டாள்.

“சாமி, நாளைக்குக் குதிரை அணிவகுப்பாமே. எந்தக் குதிரை எந்த வீட்டில வளந்துச்சோ, கூடவே வளந்த அந்த வீட்டுப் பிள்ளை அதுமேல ஏறி வரட்டும். அதைக் கண்ணால பாத்துட்டு என் பிள்ளைங்களைக் கொண்டுபோங்க.”

“பேஷ்! இது புதுசாக இருக்கிறதே!” என்று ராசா கைதட்டினான். குதிரைகளின் பெருமை தன் பெருமை என்று திம்மப்பரும் தலையாட்டினார்.

மறுநாள் முரசு கொட்டியது. குதிரைகள் நெய் பூசினாற்போல மினுமினுவென்று வந்தன. எதன் முதுகிலும் ஆளில்லை. வளர்த்த தாய்மார்கள்தான் கடிவாளத்தைப் பிடித்து நடத்தி வந்தார்கள். கடைசியில் வந்த ஒரு பையன் ஏறப் பார்த்து, காலைத் தூக்க மாட்டாமல் குதிரையின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“எங்கேயம்மா உன் மகன்?” என்றான் ராசா, முன்னால் நின்றவளிடம்.

“பஞ்சத்துல போயிட்டான் சாமி. குதிரை பொழச்சுக்கிச்சு.”

“உன் பிள்ளை?”

“பொண்ணு சாமி. பேதியில போச்சு.”

மூன்றாமவளையும் கேட்டான். அவள் கடிவாளத்தை ராசாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

“இவற்றின் மேல் ஏற ஆள் எங்கே?” என்று ராசா திம்மப்பரைப் பார்த்தான். “குதிரைகள் அத்தனையும் சுகம், மகாராசா” என்றார் அவர். வேறென்ன சொல்வார்?

“இன்று முதல் பிள்ளைக்குப் பிள்ளை மாசம் ஒரு பணம், என் கஜானாவிலிருந்து!” என்று ராசா முழங்கினான்.

திம்மப்பர் உடனே வாயைத் திறந்தார். “என் வசம் ஒப்படையுங்கள். ராத்திரியில் வீடு வீடாகப் போய், பிள்ளைதான் தின்கிறதா என்று பார்த்து...”

“வேண்டாம் சாமி!” சிலம்பாயிக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. “பணம் பெத்தவ கையில வரட்டும். தீவட்டி வேண்டாம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வச்சுக்க உத்தரவு வேணும்.”

“தாழ்ப்பாளா? உள்ளே என்ன செய்யப்போகிறாய்?”

“தூங்கப்போறோம் சாமி.”

ராசா விழுந்து விழுந்து சிரித்தான். உத்தரவு கொடுத்தான்; பிள்ளைகளை லாயத்துக்கு அனுப்பும் பேச்சையும் விட்டான். மந்திரிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். திம்மப்பரோ பணமூட்டையைத் தோளில் சுமந்து, ஒவ்வொரு வாசலுக்கும் கால்நடையாகப் போய், வெளியிலேயே நின்று கொடுக்க வேண்டும் என்று ஆக்கினை.

அதோடு விட்டானா? சடையனைக் கூப்பிட்டுக் குட்டியின் பக்கத்தில் நிறுத்தினான். தோளோடு தோள் வைத்து அளந்து பார்த்தான். “நன்றாகத் தின்று சீக்கிரம் வளரடா. நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகவே எனக்காகச் சண்டைக்குப் புறப்படலாம்” என்று கன்னத்தைத் தட்டினான்.

சிலம்பாயி மந்திரியைப் பார்த்தாள். மந்திரி தரையைப் பார்த்தார். வேறெந்த வழியாகவும் அந்தக் கஜானாவைத் திறந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

பிள்ளைப்பணம் வந்த கதை இதுதான். ஊரார் ராசாவின் இரக்கம் என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதல் பணம் வந்த அன்று சிலம்பாயி அரிசி வாங்கிப் பொங்கினாள். சடையன் தட்டை வழித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம், அம்மா” என்றான். அகப்பை அந்தரத்தில் நின்றது. போடப் போட வளர்வான். அவன் முகத்தைப் பார்த்தாள், போட்டாள். பிள்ளைகள் தூங்கினதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.