ஐந்து விதிப்புத்தகங்களும் ஒரு படகோட்டியும்

அருள்வாசகனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று.

குருவின் பெயர் பெனிட்டா. தூத்துக்குடியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறார். தோள்பட்டை வலிக்காக அங்கே போன அருள்வாசகன், கையைத் தூக்கித் தூக்கி இறக்கிய மூன்று வாரங்களில் ஓர் ஆட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரக்காரி, ஒருவர் திருடன். "இப்போது என்ன செய்கிறாய்?" என்று நடத்துபவர் கேட்பார். அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள்.

தோள் சரியான பிறகும் ஒரு வருடம் பெனிட்டாவின் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தார். விளையாட்டாக "மிஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தார். விளையாட்டு போய்விட்டது, மிஸ் நிலைத்துவிட்டது. இனி உங்கள் வீட்டிலேயே நடத்துங்கள் என்று சொல்லி, பெனிட்டா அறுபது பக்கத்தில் ஒரு விதிப்புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அருள்வாசகன் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். லேபிள் இல்லாத பாட்டிலைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அறுபது பக்கத்தில் பல பாட்டில்களுக்கு லேபிள் இல்லை என்பது ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது. வாள்வெட்டு மறுநாளே ஆறிவிடுகிறதே என்று காயங்களுக்காக வேறொரு புத்தகம் வாங்கினார். மந்திரங்களுக்கு ஒன்று. கதை கடலுக்குள் போனதும் கப்பல்களுக்கு ஒன்று. கடல் என்றால் காற்று மழை உண்டே என்று இன்னொன்று. ஐந்தும் ஐந்து பேர் எழுதியவை. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எனவே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, எந்த இடத்தில் எந்தப் புத்தகம் செல்லும் என்று தன் கைப்பட விதிகள் எழுதினார். மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினொரு விதிகள்.

அவர் மனைவி ஜான்சியும் அந்த மேசையில் ஆடுபவர்தான். ஒரே ஒரு நரியை அடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது என்று மட்டும் ஒருநாள் சொன்னார். அருள்வாசகன் நரிகளுக்கான விதியைத் திருத்தினார்.

பிறகு இசக்கிமுத்துவின் விஷயம் நடந்தது.

இசக்கிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இருபது வருட நண்பர். ஞாயிறு மதியம் ஆட்டத்துக்கு வருவதற்காகவே ஷிப்டு மாற்றிக்கொள்வார். மூன்று வருடமாக அவர் சிலம்பன் என்ற படகோட்டியாக ஆடிக்கொண்டிருந்தார். அன்று சிலம்பன் வெள்ளத்தில் ஒரு சிறுமியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். கரையிலிருந்து வந்த அம்பு அவன் முதுகில் பாய்ந்தது. அவனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தது.

முதல் புத்தகத்தின்படி அவன் அந்த இடத்திலேயே செத்தான். காயங்களின் புத்தகம் அவனுக்கு மூன்று சுற்று அவகாசம் தந்தது. கப்பல் புத்தகமோ, தண்ணீரில் விழுந்தவனுக்கு மூச்சடக்கும் கணக்கு தனி என்றது. நோட்டில் இதற்கு விதி எழுதியிருந்தது, ஆனால் ஆற்றுக்கா கடலுக்கா என்று எழுதியிருக்கவில்லை. அருள்வாசகன் ஐந்து புத்தகங்களையும் விரித்து வைத்து ஐம்பது நிமிடம் படித்தார்.

இசக்கிமுத்து எழுந்தார். தன் பகடைகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் செத்துட்டனா இல்லையான்னு முடிவானதும் போன் போடுல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

திங்கட்கிழமை மதியம் அருள்வாசகன் ஐந்து புத்தகங்களையும் நோட்டையும் ஒரு கட்டைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். பெனிட்டா சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தார். அருள்வாசகன் நடந்ததையெல்லாம் சொன்னார். ஆளாளுக்கு ஒன்று சொல்லும் இந்தப் புத்தகங்களோடு மாரடிக்க முடியவில்லை என்றார். ஒரே ஒரு பதில் தெரிந்தால் போதும் என்றார்.

"எந்தப் புத்தகம் சரி, மிஸ்?"

பெனிட்டா பையைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"நான் ஆடுறேன். நீங்க நடத்துங்க, அண்ணாச்சி."

அருள்வாசகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாழடைந்த ஒரு கோட்டையைச் சொன்னார். அதன் இருட்டு நடைவழியைச் சொன்னார். நடையின் கடைசியில் ஒரு மூடிய கதவு.

"கதவுல காதை வெச்சுக் கேக்கேன்," என்றார் பெனிட்டா.

"ஒரு நிமிஷம், மிஸ்."

ஒட்டுக்கேட்பதற்கு முதல் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. மந்திரப் புத்தகத்தில் வேறொன்று இருந்தது. கதவு தேக்கா இரும்பா என்பதைப் பொறுத்து நோட்டில் நாலு வரி. வெளியே மழை பெய்தால் விழுந்த எண்ணில் ஒரு கழிவு. அருள்வாசகன் பக்கங்களைப் புரட்டினார். பெனிட்டா தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். முழங்கால் வலியோடு வந்த ஒரு டீச்சரம்மாவைப் படுக்க வைத்து, சூடு வைக்கும் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"கெடச்சிட்டு, மிஸ். பதினாலுக்கு மேல விழணும்."

பெனிட்டா இருபது முகப் பகடையை உருட்டினார். பதினேழு விழுந்தது.

"சரி, காதுல விழுது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரு?"

அருள்வாசகன் வாயைத் திறந்தார். நோட்டைப் பார்த்தார். யார் என்று அவர் யோசித்திருக்கவே இல்லை.

உள்ளேயிருந்து டீச்சரம்மா, சூடு ஜாஸ்தியாகிறது என்று குரல் கொடுத்தார். பெனிட்டா எழுந்தார்.

அருள்வாசகன் விடவில்லை. "அப்பம் சிலம்பன், மிஸ்? அவன் செத்தானா இல்லையா?"

பெனிட்டா நின்றார். இந்த மனிதருக்குத் தோளைச் சரி செய்ததே தப்போ என்பதுபோல் பார்த்தார்.

"அம்பு பட்டது எனக்கில்ல, அண்ணாச்சி. பட்டவர்ட்ட போய்க் கேளுங்க."

அன்று ஷிப்டு முடியும் நேரத்துக்கு அருள்வாசகன் துறைமுக வாசலுக்குப் போனார். இசக்கிமுத்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ சொன்னார்கள். பிறகு அருள்வாசகன், மூன்று புத்தகங்களையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்ததில் காயங்களின் புத்தகம்தான் பொருத்தமாகப் படுகிறது, அதன்படி சிலம்பன் பிழைக்க வழியிருக்கிறது என்று ஆரம்பித்தார்.

இசக்கிமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பிழைக்க வைன்னு நான் உங்கிட்ட கேட்டனால?"

"இல்ல."

"செத்தா செத்துட்டுப் போறான். தோள்ல அந்தப் பிள்ளை இருந்துச்சுல்லா? அதைக் கரையில சேக்கணும்னு சொல்ல வாயைத் தொறந்தேன். நீ கையைக் காட்டி இருன்னுட்ட."

அருள்வாசகனுக்குத் தன் கை நினைவுக்கு வந்தது. ஒரு கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கிக் காட்டியிருந்தார். இசக்கிமுத்து என்ன சொல்ல வந்தார் என்பது காதில் விழவே இல்லை. அந்த ஐம்பது நிமிடமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர்.

கட்டைப்பை வீட்டில் இருந்தது. கையில் ஒரு பகடைகூட இல்லை.

"தண்ணி நெஞ்சளவுக்கு வந்துட்டு," என்றார் அருள்வாசகன் மெதுவாக. "முதுகுல அம்பு. பிள்ளை உன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுது. கரை பத்தடியில இருக்கு. இப்ப என்ன செய்யுத?"

இசக்கிமுத்து லாரிகள் போகும் சாலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சிலம்பன் சிறுமியின் கைகளைக் கழுத்திலிருந்து பிரித்தான். இடுப்பில் கிடந்த படகுக்கயிற்றை அவள்மேல் சுற்றினான். மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவளைக் கரைப்பக்கம் வீசினான். திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று சொன்னான். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று இசக்கிமுத்து கேட்டார். பார்த்தாள் என்றார் அருள்வாசகன். பிறகு தண்ணீர் சிலம்பனை இழுத்துக்கொண்டு போயிற்று.

எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. இசக்கிமுத்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வருகிற ஞாயிறு புதுப் பாத்திரத்தோடு வருவதாகச் சொன்னார். இந்தமுறை ஒரு சமையல்காரியாக ஆடப்போகிறாராம்.

அருள்வாசகன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

புதன்கிழமை கிளினிக்குக்கு வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. இசக்கிமுத்து சொன்னதையும் சிலம்பன் போய்ச் சேர்ந்ததையும் விவரமாகச் சொன்னார். பெனிட்டா கண்ணை எடுக்காமல் கேட்டார். நடுவில் ஒருமுறை அவர் கண் கலங்கியது.

"எல்லாம் புரிஞ்சுட்டு, மிஸ்," என்றார் அருள்வாசகன். பையிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து நீட்டினார்.

சிவப்பு மையில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தது.

'விதி 212. ஒரு பாத்திரம் சாகும் முன், அதை ஆடுபவர் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்க வேண்டும். விதி 38, 97 ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்க.'

பெனிட்டா அதை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். நெற்றியை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தைன்னா எத்தனை எழுத்து வரைக்கும்னு போடலையே, அண்ணாச்சி."

அருள்வாசகன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். 'அதிகபட்சம்' என்று எழுதியவர், நிமிர்ந்து பெனிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் பேனாவை நிறுத்தினார்.