ரகோத்தமனின் குதிரைக்கு வயது என்ன?

லாயத்தில் சாணி அள்ளும் மாதப்பனின் மகள் இசைவாணி, மாணவர் குதிரையேற்றப் போட்டியில் பெயர் கொடுத்ததே நடுவர் ரகோத்தமனுக்குப் பொறுக்கவில்லை. குதிரையறிவுத் தேர்வில் பத்துக்கு ஐந்து மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் தடை தாண்டும் சுற்றுக்குப் போக முடியும். பங்களா வீட்டுப் பிள்ளைகளிடம், "குதிரை என்னப்பா சாப்பிடும்?" என்று கேட்டு எட்டும் ஒன்பதுமாக வாரிக் கொடுத்தார். இசைவாணியின் முறை வந்ததும் தன் சொந்தக் குதிரையையே கொண்டுவந்து நிறுத்தினார்.

"இதோட வயசு என்ன? வாயைத் திறந்து பல்லைப் பார்க்காம சொல்லணும்."

பல்லைப் பார்க்காமல் குதிரைக்கு வயது சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. இசைவாணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதுதான் அவர் கையிலிருந்த தாள் கண்ணில் பட்டது. அவள் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம், மைகூடக் காய்ந்திருந்தது.

"அந்த வித்தை எனக்குத் தெரியாதுங்கய்யா. உங்களுக்குத்தான் தெரியும். நான் வாயே திறக்கலை, அதுக்குள்ள எனக்கு மார்க் போட்டுட்டீங்களே!"

பக்கத்திலிருந்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"நீ திறந்தே பாரும்மா."

இசைவாணி குதிரையின் உதட்டைத் தூக்கினாள். "மேல் ஓரப் பல்லுல கோடு இப்பத்தான் இறங்குது. பத்து முடிஞ்சு பதினொண்ணு நடக்குது."

"சரிதானே, சார்?" என்றார் மருத்துவர்.

ரகோத்தமன் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டு, பூஜ்யத்தை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"அடிக்காதீங்கய்யா, அது அப்படியே இருக்கட்டும்," என்றாள் இசைவாணி. "முன்னால ஒரு ஒண்ணு போடுங்க."