முதல் வாய் யாருக்கு

நீளம் பார்த்து இரை பிரித்தார்கள். கெட்டது அதில்தான்.

அந்தக் காலத்தில் சுறாக்களுக்குப் பேச்சு இருந்தது. பேச்சைவிடப் பசி அதிகம் இருந்தது. பருவம் மாறும்போதெல்லாம் கடலடியில் ஒரு பாறையருகே கூடுவார்கள். மூக்கைப் பாறையில் ஒட்டி வரிசையாகக் கிடக்க வேண்டும். யார் வால் அதிக தூரம் போகிறதோ அவருக்கு முதல் வாய். அவர் "போதும்" என்று சொல்லும்வரை மற்றவர்கள் எதையும் தொடக் கூடாது. தொட்டால் எல்லாரும் சேர்ந்து கிழித்துவிடுவார்கள். பாறையில் அளக்கப்படாதது எதுவானாலும் இரைதான்.

முறையைப் போட்டவன் பெருஞ்சுறா. ஆக நீளமானவன் அவன்தானே. போடாமல் என்ன செய்வான்?

உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டைச்சுறா வரிசையில் கடைசி. பால்சுறா ஓர் ஆளின் இடுப்புயரம். கொம்பன்சுறாவும் புலிச்சுறாவும் ஒரு வள்ளத்தின் நீளம். புள்ளிச்சுறா ஒரு விசைப்படகு. பெருஞ்சுறா அவளைவிட ஒரு முழம் கூடுதல். அந்த ஒரு முழம்தான் பல பேரைக் கொன்றது.

பெருஞ்சுறா திமிங்கிலம் தின்பவன். திமிங்கிலங்கள் குளிர்க்கடலுக்குப் போய்விட்டன. அவனுக்குக் குளிர் ஆகாது. பசித்தது. கரையோரம் பிறந்து கிடந்த சுறாக்குட்டிகளைத் தின்னத் தொடங்கினான். கொம்பனின் குட்டிகள் அத்தனையும் போயின. யாரும் கேட்கவில்லை. அளக்காத குட்டிகள், முறைப்படிதான் தின்றான்.

நிறைசூலியான பால்சுறா புள்ளிச்சுறாவிடம் வந்தாள்.

"அக்கா, எனக்கு நாள் நெருங்கிவிட்டது."

"தெரிகிறது. வயிறு தரையில் இடிக்கிறது."

"சிரிக்காதே. போன தடவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்தத் தடவை முதல் வாயை நீ வாங்கு."

"முழத்துக்கு எங்கே போவேன்?"

"உன் வால் நுனியோடு நான் ஒட்டிக் கிடக்கிறேன். தண்ணீர் கலங்கல்தானே."

புள்ளிச்சுறா தன் வாலைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கினால் நான் போதும் என்று சொல்லமாட்டேன். அவன் சாகிறவரை. நீயும் பட்டினி கிடப்பாய்."

"குட்டிகளை யாரும் அளக்கவில்லையே. அதுகளுக்கு முறை ஏது? அதுகள் தின்னும்."

அளக்கிற வேலை கொம்பனுக்கு. குறுக்குத் தலை, இரண்டு முனையிலும் கண். வால் நுனிகளுக்கு நடுவில் வந்து நின்றான். ஒரு கண்ணில் பெருஞ்சுறா பட்டான். மறுகண்ணில் பால்சுறா பட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"புள்ளி" என்றான் கொம்பன்.

"சரியாகப் பாரடா" என்றான் பெருஞ்சுறா.

"எனக்கு ரெண்டு பக்கமும் கண் அண்ணே. பார்த்துத்தான் சொல்கிறேன்."

புள்ளிச்சுறா வாயைத் திறந்தாள். மீன் பக்கம் போகவில்லை. தூசி போல மிதக்கும் கூனி இறாலை அள்ளி விழுங்கினாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"இன்னுமா நிறையவில்லை?" என்றான் பெருஞ்சுறா.

"வயிறு பெரிசு அண்ணே. கூனி சிறிசு."

பால்சுறா பெற்றாள். "எனக்காக நிற்காதீர்கள். போய்த் தின்னுங்கள்" என்றாள். குட்டிகள் போயின. பெருஞ்சுறா அவற்றின் பக்கம் தலையைத் திருப்பினான்.

"தொடு பார்க்கலாம்" என்றான் புலிச்சுறா. வயிறு ஒட்டிப்போய் இளைத்த சுறாக்கள் அத்தனையும் அவன் பின்னால் வந்து நின்றன. பெருஞ்சுறா வாயை மூடிக்கொண்டான்.

முதலில் போனவள் பால்சுறாதான். பெற்ற உடம்பு, தாங்கவில்லை. குட்டிகள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கிழடுகள் போயின. கடைசியில் பெருஞ்சுறா பக்கவாட்டில் சாய்ந்து தரைக்கு இறங்கினான். சுறாவுக்கு எலும்பு ஏது? கரைந்துபோனான். கையகலப் பற்கள் மட்டும் சேற்றில் கிடக்கின்றன.

மிஞ்சியவர்கள் புள்ளிச்சுறாவிடம் வந்தார்கள்.

"இனி யாரை அளப்பது?" என்றான் கொம்பன்.

"யாரையும் வேண்டாம். கிடைத்ததைத் தின்னுங்கள். முதல் வாய் மட்டும் என்னிடமே இருக்கட்டும். விட்டால் இன்னொருவன் எடுத்துக்கொள்வான்."

அவள் இன்னும் போதும் என்று சொல்லவில்லை. சுறாக்குட்டி பிறந்த கணமே தாயை விட்டு இரைக்குப் போவதும், கடலின் ஆகப் பெரிய மீன் ஆகச் சிறியதைத் தின்று திரிவதும் அன்று முதல்தான். அந்த மீன் புள்ளிச்சுறா.