கண்ணை மூடி நடந்த முள்ளம்பன்றிகள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், இலந்தை என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு ஒரு வளையில் வசித்து வந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் எதையும் உற்றுப் பார்ப்பாள்.

போன கோடையில் எதிர்மலையில் தீப்பிடித்தபோது, வேகமாக ஓடும் மான்கள்கூடப் புகையில் திசை தெரியாமல் தீயை நோக்கியே ஓடியதை அவள் பார்த்திருந்தாள். இந்தக் கோடையிலும் மூங்கில் இலைகள் மிதித்தால் நொறுங்கின. குட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த மான்களின் நினைவு வந்தது.

வளையின் பின்பக்கம் இன்னொரு வாசல் தோண்டினாள். அங்கிருந்து, புல்லே முளைக்காத பாறை ஓடை வரைக்கும் ஒரு வழி பார்த்து வைத்தாள். பிறகு தினமும் மாலையில், குட்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு அந்த வழியில் நடக்க வைத்தாள். முன்னால் அவள் வால் முட்களைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டே போவாள். மூக்கைத் தரையோடு தாழ்த்தி, அந்த ஓசையைப் பிடித்துக் குட்டிகள் வரவேண்டும். காலில் பெரிய வேர் தட்டினால் இடப்பக்கம் திரும்பிச் சரிவில் இறங்கவேண்டும்.

மூத்தவன் காரை தினமும் முட்டிக்கொண்டான். இளையவள் கிளுவை தினமும் சிணுங்கினாள். இலந்தை விடவில்லை.

ஒருநாள் நரி இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏன் அக்கா, கண்ணைக் கொடுத்தவன் மூடிக்கொள்ளவா கொடுத்தான்? வேர், இடப்பக்கம், சரிவு, ஓடை. ஒருமுறை பார்த்தேன், மனப்பாடம். இதற்குப் போய் ஒரு மாதமா?"

இலந்தைக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் மாலையும் முட்களை ஆட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அதிலிருந்து பத்தாம் நாள் நண்பகலில் தீ வந்தது. மூங்கில்கள் படபடவென்று வெடித்தன. பகல், புகையில் இருட்டாகிவிட்டது.

இலந்தை பின்வாசல் வழியே வெளியேறி முட்களை ஆட்டினாள். குட்டிகள் சொல்லாமலே கண்ணை மூடி, மூக்கைத் தாழ்த்தின.

"அம்மா, வேர்," என்றாள் கிளுவை. மூவரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.

அப்போது பின்னால் ஒரு குரல் இருமியது. "வேர், இடப்பக்கம், சரிவு... வேர் எங்கே? வேரைக் காணவில்லையே!"

இலந்தை நின்றாள். அனல் முதுகில் அடித்தது. குட்டிகளை முன்னால் போகச் சொன்னாள். அவற்றின் கால்களுக்கு வழி தெரியும். பிறகு திரும்பி, முட்கள் உதிர உதிர ஆட்டினாள். அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு நரி தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது.

ஓடையில் குட்டிகள் காத்திருந்தன. நரியின் வால் கருகியிருந்தது.

மழை பெய்து காடு மறுபடி தளிர்த்தது. இலந்தை புது வளை தோண்டினாள். புது வழியும் பார்த்தாள். முதல் மாலையே, வரிசையின் கடைசியில் நரி வந்து நின்றுகொண்டது.

கொஞ்ச தூரம் போனதும் கிளுவை சொன்னாள். "நரி மாமா, ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்."

"உன் கண்தான் மூடியிருக்கிறதே, உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாளே எங்கேயும் முட்டாமல் வருகிறீர்களே."

நரி அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

நீதி: ஆபத்தில் கைகொடுப்பது தெரிந்து வைத்தது அல்ல, பழகி வைத்தது.